வாய்தாவும் வணிகரும்

சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பாக்கிக்காக வழக்காடியவர்களுக்கு ‘வாய்தா’ என்ற சொல்லை நாம் விளக்க வேண்டியதில்லை. அதைக் குறைக்கத்தான் 1999-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் இல்லை. எதிர்வழக்குரை 30 நாளில் வர வேண்டும்.

வழக்கறிஞர்கள் 2000-இல் நீதிமன்றப் புறக்கணிப்பில் இறங்கினர். வாட் வரியை எதிர்த்து 2005-இல் கடையடைத்த நாம் இதற்காக அவர்களைப் பழிக்க முடியாது! 30 நாளில் ஆவணம் திரட்டுவது எளிய கட்சிக்காரருக்குக் கடினம் என்பதும் உண்மையே. கெடு 90 நாள் வரை நீண்டு, சட்டம் 2002 ஜூலை 1-இல்தான் அமலானது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் அந்தக் கெடு கட்டாயமல்ல என்று 2005-இல் கூறியது. வாய்தா பிழைத்துக்கொண்டது.

2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. 120 நாள் கடந்தால் எதிர்வழக்குரை உரிமை போயிற்று. 2018 முதல் 3 லட்சம் ரூபாய் பாக்கிக்கே இங்கு செல்லலாம். அவசரப் பரிகாரம் கோராவிட்டால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். ஆவணங்களை வழக்குரையுடனேயே தர வேண்டியிருப்பதால், சரக்கைப் பெற்றவர் கையொப்பமிட்ட பில் நகலை இன்றே கோப்பில் சேர்த்து வையுங்கள்.