இரண்டு பணமும் மீதிச் செலவும்

வேதபாடம்: லூக்கா 10:30–35



"அரசாங்கமே காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டதே, ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை இலவசம் என்கிறார்களே, இனியும் ஏழை நோயாளிகள் நிதிக்கு நாங்கள் எதற்காக அனுப்பவேண்டும்?" சபைகளுக்குச் செல்லும்போது நம் ஊழியர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. கேட்கிறவர்கள் கொடுக்க மனமில்லாதவர்கள் அல்ல. கர்த்தருடைய பணம் வீணாகக்கூடாது என்று எண்ணுகிறவர்கள். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லமுடியாது என்பதால், இம்முறை பாடப் பகுதி முழுவதையும் இதற்கு ஒதுக்கியிருக்கிறோம்.

நல்ல சமாரியன் கதையை நாம் அறிவோம். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதையும், தன் வாகனத்தின்மேல் ஏற்றிக்கொண்டுபோனதையும் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். மறுநாள் காலையில் நடந்ததைப் பற்றிய பிரசங்கம்தான் குறைவு. அவன் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்தான். மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்து வேலையாளுக்கு ஒரு நாள் கூலி ஒரு பணம். அப்படியானால் இது இரண்டு நாள் கூலி. அத்தோடு அவன் போயிருந்தால்? காயம் எப்போது ஆறும் என்று யாருக்கும் தெரியாது. சத்திரக்காரன் எவ்வளவு நல்லவனாயிருந்தாலும், பணம் தீர்ந்த நாளில் படுக்கையைப் பார்ப்பான், பிறகு தன் கணக்கையும் பார்ப்பான். சமாரியன் அதை அறிந்திருந்தான் போலும். அதற்குமேல் ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தானே தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். முன்கூட்டியே கொடுத்த தொகை ஒன்று, மிஞ்சும் செலவுக்கான பொறுப்பு மற்றொன்று. இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, தொகையை முன்கூட்டியே கட்டும் மருத்துவ ஏற்பாடு மிகப் பெரிய அளவில் நடந்த அமெரிக்க தேசத்துக்குப் போய்வருவோம்.

1933-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவின் பாலைவனத்தில், கொலராடோ ஆற்றுத் தண்ணீரை லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கொண்டுவர வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான கூலியாட்கள். சிட்னி கார்ஃபீல்ட் என்ற இளம் அறுவைசிகிச்சை மருத்துவர் அவர்களுக்காக 12 படுக்கைகளோடு ஒரு சிறு ஆஸ்பத்திரி கட்டினார். காயப்பட்டவர்கள் வந்தார்கள், கட்டணம் ஒழுங்காக வரவில்லை. ஆஸ்பத்திரியை மூடவேண்டிய நிலை. அப்போது ஒரு புது ஏற்பாடு பிறந்தது. வேலையில் ஏற்படும் காயங்களுக்காகக் காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நாளொன்றுக்கு ஐந்து சென்ட் முன்பணமாகத் தரும். மற்ற நோய்களுக்கும் சிகிச்சை வேண்டுமென்றால் தொழிலாளி தன் கூலியிலிருந்து இன்னொரு ஐந்து சென்ட் தரவேண்டும்.

இதனால் நடந்த மாற்றத்தைக் கவனியுங்கள். அதுவரை ஆள் காயப்பட்டால்தான் மருத்துவருக்கு வருமானம். இப்போதோ அவன் சுகமாயிருந்தால்தான் மிச்சம். கார்ஃபீல்ட் வேலை நடக்கும் இடத்துக்கே போய், துருத்திக்கொண்டிருந்த ஆணிகளை அடித்து மடக்கச் சொன்னாராம். நோயாளிக்கு நன்மையானதும் மருத்துவரின் கணக்குக்கு நன்மையானதும் ஒரே திசையில் நடந்தன. இதே ஏற்பாடு பின்பு ஹென்றி கைசர் என்ற தொழிலதிபரின் அணைக்கட்டு வேலைக்கும், யுத்தகாலத்தில் அவருடைய கப்பல் கட்டும் தளங்களுக்கும் சென்றது. 1945-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கைசர் பெர்மனென்டே என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது.

இந்த வெற்றியைப் பார்த்துத்தான் 1973-இல் அதிபர் நிக்சன் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு உதவும் சட்டத்தில் கையொப்பமிட்டார். எச்.எம்.ஓ. என்ற மூன்று எழுத்துகள் அங்கே வீட்டுவாசல் வரை வந்தன. ஆண்டுச் சந்தா கட்டவேண்டும்; பட்டியலில் உள்ள மருத்துவரிடமே போகவேண்டும்; அவர் எழுதிக் கொடுத்தால்தான் நிபுணரைப் பார்க்கலாம்; பெரிய பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் முன் அனுமதி வேண்டும். வாக்குறுதி அழகானது. தேவையற்ற அறுவைசிகிச்சை குறையும், வருமுன் காப்பது பெருகும், செலவு கட்டுக்குள் நிற்கும். இது வெறும் பேச்சு அல்ல. 1990-களின் நடுவில் அங்கே காப்பீட்டுக் கட்டண உயர்வு உண்மையாகவே சில வருடங்கள் தணிந்தது.

ஆனால் ஆணியை மடக்கிய அதே கணக்கு, வேறு கைகளில் வேறுவிதமாக வேலை செய்தது. முன்பணம் வாங்கியாயிற்று, இனிச் செய்யும் ஒவ்வொரு சிகிச்சையும் நஷ்டம். குறைவாகச் செய்தால் லாபம். பிரசவமான தாயையும் சிசுவையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரவியது. சிசுவுக்கு மஞ்சள்காமாலை பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் தெரியவரும் என்பதைப் பிள்ளை பெற்ற எந்தத் தாயும் அறிவாள். கடைசியில் 1996-இல் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று: சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரம், அறுவைசிகிச்சைப் பிரசவத்துக்கு 96 மணி நேரம் தங்குவதைக் காப்பீடு மறுக்கக்கூடாது.

அதே 1996-இல் லிண்டா பீனோ என்ற மருத்துவர் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோப்புகளைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்தபோது, 1987-இல், ஒரு மனிதனுக்குத் தேவையான சிகிச்சையைத் தாம் மறுத்ததாகவும், அதனால் அவன் இறந்ததாகவும், நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் டாலர் மிச்சமானதாகவும் சொன்னார். அந்த மனிதனின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. சத்திரக்காரனாவது காயப்பட்டவனைக் கண்ணால் பார்த்தான்!

இல்லினாய் மாநிலத்தில் இன்னொரு பெண்ணுக்கு வயிற்றில் வீக்கம் இருப்பதை மருத்துவர் கண்டார். அருகிலிருந்த மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க அனுப்பாமல், ஐம்பது மைலுக்கு அப்பால் தங்கள் அமைப்பின் நிலையத்தில் எட்டு நாள் கழித்து எடுக்கச் சொன்னார். அதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. மருத்துவக் கவனக்குறைவுக்காக அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. ஆனால் செலவைக் குறைத்தால் மருத்துவருக்கு லாபம் என்ற அந்த ஏற்பாட்டையே எதிர்த்து அவர் தொடுத்த வழக்கை, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. சிகிச்சையை அளந்து கொடுப்பது இந்த அமைப்பின் இயல்பிலேயே உள்ளது, அதைச் சட்டம் அறிந்தே அனுமதித்திருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். நமக்குக் கசப்பாக இருந்தாலும், நேர்மையான வாக்குமூலம் என்றே அதைச் சொல்லவேண்டும்.

நம்மைப் போன்றோர் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது வேறொன்று. 1970-களின் பிற்பகுதியில் சியாட்டில் நகரத்தில் சிலரை எச்.எம்.ஓ.விலும், சிலரை விருப்பமான மருத்துவரிடம் இலவசமாகப் போகும் ஏற்பாட்டிலும் சேர்த்துப் பல வருடங்கள் கவனித்தார்கள். முடிவு 1986-இல் வெளியானது. வசதியுள்ளவர்களுக்கு எச்.எம்.ஓ. கெடுதல் செய்யவில்லை, அவர்களில் நோயுற்றிருந்தவர்களுக்கு நன்மையே செய்தது. ஆனால் ஏழைகளாயும் ஏற்கெனவே நோயாளிகளாயும் இருந்தவர்கள் அதில் அதிக நாட்கள் படுக்கையில் கிடந்தார்கள். காரணம் என்னவாயிருக்கும்? எங்கள் ஊகத்தைச் சொல்கிறோம்: போனில் மறுபடி மறுபடி கேட்கவும், படிவம் நிரப்பவும், மறுத்தால் வாதாடவும் தெரிந்தவனுக்குக் கதவு திறக்கிறது. மற்றவன் திரும்பிப்போகிறான். இன்றும் நிலை அடியோடு மாறிவிடவில்லை. முதியோருக்கான இதுபோன்ற தனியார் திட்டங்களை அமெரிக்க அரசின் கண்காணிப்பு அலுவலகம் ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. மறுக்கப்பட்ட முன் அனுமதி விண்ணப்பங்களில் 13 சதவீதம் விதிப்படி கொடுத்திருக்கவேண்டியவை என்று அதில் கண்டிருக்கிறது.

இது அமெரிக்கக் கதைதானே என்று நாம் இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தது. பட்டியலில் சேர்ந்த மருத்துவமனை, முன் அனுமதி, ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த பேக்கேஜ் தொகை ஆகியவற்றை நம் நோயாளிகளும் இப்போது அறிவார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தலைக்கு இவ்வளவு. இங்கே சிகிச்சைக்கு இவ்வளவு. ஆகவே இங்கே இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. ஏழைகளுக்கான முந்தைய மத்திய காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், சத்தீஸ்கரிலும் பீகாரிலும் தேவையின்றிப் பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாக 2012-இல் எழுந்த புகார்களை நினைவிருக்கலாம். செய்தால் பணம் என்றால் அதிகம் செய்யத் தோன்றும், செய்யாவிட்டால் மிச்சம் என்றால் குறைக்கத் தோன்றும். மிஷன் ஆஸ்பத்திரிகளும் இந்தச் சோதனைக்கு விலக்கல்ல என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

இவ்வளவும் சொன்னதால் அட்டையைக் குறைகூறுகிறோம் என்று நினைக்கவேண்டாம். தாலியை அடகு வைக்காமல் இருதய அறுவைசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் குடும்பங்களைப் பார்த்து தேவனைத் துதிக்கிறோம். அது இரண்டு பணம். அரசு உண்மையாகவே கொடுக்கிற இரண்டு பணம்.

மீதிச் செலவு எங்கே வருகிறது? சில பரிசோதனைகளும் தொடர் சிகிச்சைகளும் சேர்ந்திருந்தாலும், அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. புறநோயாளியாக மாதாமாதம் வருகிறவர்களின் செலவு வெளியே நிற்கிறது. சர்க்கரைப் புண்ணுக்கு அறுவைசிகிச்சை முடிந்தாலும் புண் ஆற வாரக்கணக்கில் கட்டு மாற்றவேண்டும். கிராமத்திலிருந்து ஒவ்வொரு முறையும் பஸ் கட்டணம். கூட வருகிறவருக்கு அன்றைய கூலி போயிற்று. காலுக்கேற்ற செருப்பு வேண்டும். எதிர்பாராத சீழ் வைத்து நோயாளி கூடுதலாகப் பத்து நாள் தங்கினால் பேக்கேஜ் தொகை பற்றாது. அப்போது அவரை அனுப்பிவிடுவதா, வைத்துக்கொள்வதா என்பதை வார்டு மருத்துவர் தீர்மானிக்கிறார். நீங்கள் அனுப்பும் நிதி இருப்பதால், அந்தத் தீர்மானத்தைக் கணக்குப் புத்தகத்தைப் பாராமல் எடுக்க அவருக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. அட்டையே இல்லாதவர்களும் வருகிறார்கள். குடும்ப அட்டையில் பெயர் இல்லாத விதவை, கணவனால் கைவிடப்பட்டவள், ஆதார் எங்கோ தொலைந்துபோன முதியவர். படிவத்தில் இடமில்லாத இவர்களுக்கு வியாதி மட்டும் விலக்கு அளிப்பதில்லை.

அதேசமயம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் உங்கள் பணத்தில் வாங்குவது முறையல்ல. அப்படிப்பட்டவர்களைச் சீட்டு எழுதி அங்கேயே அனுப்பவேண்டும். ஏழை நிதி, வேறு எங்கும் வழியில்லாத செலவுக்காக நிற்கவேண்டும்.

பணம் அனுப்ப இயலாத சபைகளும் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. உங்கள் சபையிலும் தெருவிலும் உள்ள ஏழைக் குடும்பங்களிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று வீடுவீடாக விசாரியுங்கள். மாநிலத் திட்டத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போகவேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர் ஒருவர் கூடப்போனால் போதும். நோய் வந்தபின் அலைவதைவிட இப்போதே செய்துவைப்பது நல்லது. யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், முன் அனுமதி கிடைத்ததா, மறுத்தார்களென்றால் காரணம் என்ன, வீட்டுக்குப் போனபின் மருந்து யார் பொறுப்பு என்ற மூன்றையும் அவருக்காகக் கேளுங்கள். பதிலை ஒரு தாளில் குறித்து அவர் கையில் கொடுங்கள்.