பழைய மகிழுந்தில் மீண்டும் வானொலி

மலாக்கா மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு நீண்டது. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர், புக்கிட் அசாஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. அத்தோட்டங்களின் செம்மண் சாலைகளிலும் ஜாசின், அலோர் காஜா பட்டணங்களிலும் ஒரு காலத்தில் ஓடிய மகிழுந்துகளுள் ஒன்று மோரிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் உற்பத்தியைத் தொடங்கிய இது, பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்தாகும்.

இன்று எஞ்சியிருப்பவற்றை ஆர்வலர்கள் பேணிக் காக்கின்றனர். சாயம் பூசுவதும் இருக்கைக்குப் புதுத் துணி தைப்பதும் பணம் இருந்தால் முடிந்துவிடும். வானொலி அப்படியன்று. கேசட் பெட்டிகள் வந்த காலத்தில் பலர் பழைய வானொலியைக் கழற்றி எறிந்தனர்; புதியது நுழையவில்லை என்றால் முகப்புப் பலகையையே அறுத்தனர். வெட்டிய தகட்டை ஒட்டவைத்துச் சீராக்குவது கடினம். ஆகவே, வானொலியைத் தேடுவதற்கு முன் பலகை எந்த நிலையில் உள்ளது என்று பார்ப்பதே முதல் வேலை.

அக்காலப் பிரிட்டிஷ் மகிழுந்துகளில் வானொலி பெரும்பாலும் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பொருள். ‘ரேடியோமொபைல்’ என்ற பெயர்ப்பட்டை பலவற்றில் காணப்படும். 1950களின் வானொலிகள் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. அக்குழாய்களுக்கு ஏறத்தாழ 200 வோல்ட் மின்னழுத்தம் தேவை. மகிழுந்தின் மின்கலமோ 12 வோல்ட் மட்டுமே தரும். மின்மாற்றி நேர்மின்னோட்டத்தில் வேலை செய்யாது. எனவே, ‘வைப்ரேட்டர்’ என்னும் சிறு கருவி மின்னோட்டத்தை நொடிக்குப் பல தடவை துண்டித்துத் துண்டித்து அனுப்பும். அதன்பின் மின்மாற்றி அழுத்தத்தை உயர்த்தும். வானொலியை முடுக்கியதும் வண்டு ரீங்கரிப்பது போல் எழும் ஓசை இதனுடையதுதான். குழாய்கள் சூடேறும்வரை பாட்டு வராது, காத்திருக்க வேண்டும்.

இனி, பெரிய ஆபத்து ஒன்று. இன்றைய வண்டிகளில் மின்கலத்தின் எதிர்முனைதான் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். மோரிஸ் மைனரில் நேர்முனை இணைக்கப்பட்டிருக்கும். இதை அறியாமல் பிற்கால டிரான்சிஸ்டர் வானொலியைப் பொருத்தினால் அது நொடியில் பழுதாகிவிடும். முனையை மாற்றிக்கொள்ளும் வசதி சில வானொலிகளில் உண்டு. வண்டியை முன்னரே எவரேனும் எதிர்முனைக்கு மாற்றியிருக்கவும் கூடும். ஆதலால், கையேட்டை மட்டும் நம்பாமல் மின்கலத்தின் கம்பிகளைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வதே புத்திசாலித்தனம்.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த வானொலியை உடனே மின்கலத்தோடு இணைப்பதும் தவறு. நம் நாட்டின் ஈரக்காற்றில் காகித மின்தேக்கிகள் கெட்டுப்போயிருக்கும். அவற்றை மாற்றிய பிறகே மின்சாரம் பாய்ச்ச வேண்டும். வானொலியை நிறுத்திய பின்பும் மின்தேக்கிகளில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். இதனால், குழாய் வானொலியின் மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. ஒலிபெருக்கியை இணைக்காமல் வானொலியை இயக்கவும் கூடாது. அதன் மின்மாற்றி கருகிவிடக்கூடும்.

பொருத்தி முடித்து இயந்திரத்தை ஓட்டினால், பாட்டுக்குப் பதில் ‘டக் டக்’ என்ற இரைச்சல் கேட்கலாம். இயந்திரத்தின் பிளக்குகளில் தெறிக்கும் தீப்பொறியும் ஒருவகை வானொலி அலையை எழுப்புகிறது. பிளக் கம்பிகளில் தடையி சேர்த்து, ஏரியலின் அடிப்பகுதியில் உள்ள துருவைச் சுரண்டி, அது வண்டியின் உடலோடு நன்கு தொடுமாறு செய்தால் இரைச்சல் பெரிதும் அடங்கும்.

இவ்வளவும் செய்த பிறகு எதைக் கேட்பது? இந்த வானொலிகள் மத்திய அலைக்காக உருவாக்கப்பட்டவை. 1946இல் சிங்கப்பூரில் தொடங்கி, 1959இல் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்த ரேடியோ மலாயாவின் தமிழ் ஒலிபரப்பு அவற்றுக்கு ஏற்றதாக இருந்தது. அதன் வழிவந்த மின்னல் எஃப்.எம். இன்று பண்பலையில் ஒலிக்கிறது. பழைய வானொலியின் முள் அந்த எல்லைக்குப் போகவே போகாது.

இங்குதான் ஆர்வலர்கள் இரு பிரிவாகின்றனர். வெளித்தோற்றத்தை அப்படியே வைத்து, உள்ளுறுப்புகளை அகற்றிவிட்டுப் பண்பலைச் சுற்று ஒன்றைப் பொருத்துவோர் ஒரு பிரிவினர். அதன்பின் அதே குமிழைத் திருகித் தமிழ்ப் பாடல் கேட்கலாம்; ஆனால், எஞ்சுவது பழைய வானொலியின் கூடு மட்டுமே. உட்புறத்தைத் தொடவே கூடாது என்பது மற்றவர்களின் பிடிவாதம். இரண்டுக்கும் இடையில் ஒரு வழியும் உண்டு. பழைய வானொலியைப் பழுதுபார்த்து அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, சிறிய பண்பலைப் பெட்டியைப் பலகைக்கு அடியில் மறைவாகப் பொருத்தலாம். எதையும் வெட்டத் தேவையில்லை என்பதால் இதுவே மேலானது. பின்னாளில் வண்டியை வாங்குபவர் விரும்பினால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிடலாம்.

பழைய வானொலிக்கும் முற்றிலும் வேலை இல்லாமல் போய்விடவில்லை. பகலில் வளிமண்டலத்தின் மேலடுக்கு ஒன்று மத்திய அலையை உறிஞ்சிக்கொள்ளும். இருட்டியதும் அவ்வடுக்கு மறைய, அலைகள் மேலே பட்டுத் திரும்பித் தொலைதூரத்திற்குச் செல்லும். அந்நேரத்தில் குமிழை மெல்லத் திருகினால், கரகரப்புக்கு நடுவே ஏதோ ஓர் அயல்நாட்டு நிலையத்தின் குரல் கேட்கும்.