வெங்கிணாந்தியும் அதன் வளர்ப்பும்

வெள்ளாமை வெட்டுக் காலத்திலே சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வட்டைகளில் வெங்கிணாந்தி ஒன்று தென்பட்டால், கத்தியும் பொல்லும் விரைந்து எழுவது வழக்கம். இளைஞர் சிலரோ, அதனைக் கொல்லாது பிடித்துக் கூட்டில் வளர்த்தால் என்னவென்று வினவுவர். கொல்லுதல், கூட்டிலிடுதல் என்னும் இவ்விரண்டனுள் எது தக்கது? இரண்டும் தகாதன என்பதே எமது துணிபு. அவ்வுயிரின் இயல்பை அறிந்தார்க்கே அத்துணிபின் காரணம் விளங்குமாதலின், அதனை ஈண்டு முதற்கண் ஆராய்வாம்.

பழந்தமிழ் நூல்கள் மாசுணம் எனவும், சிங்கள மக்கள் பிம்புரா எனவும் வழங்கும் இம்மலைப்பாம்பு நஞ்சற்றது. அதன் உதட்டோரத்தே உள்ள குழிகள், இரையின் உடற்சூட்டை இருளிலும் உணர வல்லன. வாலின் அடியில் இருபுறமும் காணப்படும் சிறு முட்கள், முன்னோர்க்கிருந்த பின்னங்கால்களின் எச்சமாம். இரையைச் சுற்றி இறுக்கி மூச்சடைத்தே கொல்லும் என நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயின், அதேபோல இறுக்கிக் கொல்லும் போவாப் பாம்பைக் கொண்டு 2015இல் வெளிவந்த ஆய்வு, இறுக்கிய சில கணங்களிலேயே இரையின் குருதியோட்டம் தடைப்படுதலைக் காட்டிற்று.

இனி, வளர்ப்பு முறையை நோக்குவாம். பாம்பின் உடல் தானே சூட்டை ஆக்கிக்கொள்வதன்று. ஆதலின் கூட்டின் ஒருபுறம் வெப்பமாகவும் மறுபுறம் குளிர்மையாகவும் இருத்தல் வேண்டும். உடல் முழுதும் அமிழத்தக்க நீர்த்தொட்டியும், ஒளிந்திருக்க மறைவிடமும் இன்றியமையாதன. ஈரம் குறைந்தால் தோலுரித்தல் செவ்வனே நிகழாது. பேருணவு உண்ட பாம்பைப் பல நாள் தொடலாகாது. பர்மிய மலைப்பாம்பின் இதயம், உண்ட இரு நாளுள் 40 சதவீதம் வரை பருக்கும் என 2005இல் கண்டறிந்தனர். உடல் முழுவதும் செரித்தற்றொழிலில் ஈடுபட்டிருக்கும் அவ்வேளையில் அதனைத் தூக்கி அலைத்தல் தீங்காகும்.

இனப்பெருக்கம் இதனினும் நுண்ணியது. குளிர் மிகும் மாதங்களில் இணைசேர்ந்து, வெயிற்காலத்திற் பெண்பாம்பு முட்டையிடும். தோல்போன்ற ஓடுடைய அம்முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இட்டபின் அவற்றைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு அழிதலுங் கூடும். தாய் அவற்றைச் சுற்றி வளைந்து கிடந்து, ஏறத்தாழ இரு மாதம் அடைகாக்கும்.

அடைகாக்குந் தாய் சூட்டை ஆக்குகின்றது என்று இந்தியாவிற் பயணஞ்செய்து திரும்பிய லமார்-பிக்கோ என்பவர் 1830களிற் கூறியபோது, பிரெஞ்சு அறிவியற் கழகம் அதனை ஏற்கவில்லை. 1841இல் பரிஸ் நகர் விலங்குக்காட்சிச் சாலையில் அடைகாத்த பாம்பொன்றின் சூட்டை வலென்சியேன் அளந்து, அக்கூற்று மெய்யெனக் கண்டார். அதன் காரணத்தை 1966இல் அமெரிக்க ஆய்வாளர் விளக்கினர். சுற்றுச்சூடு 33 பாகை செல்சியசுக்குக் குறையும்போது, தாயின் தசைகள் விட்டுவிட்டுச் சுருங்கி நடுங்குகின்றன. அந்நடுக்கமே சூட்டைத் தருகின்றது. தாய்மை என்னும் பண்பு ஊர்வனவற்றுள்ளும் உண்டென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றொரு வியப்பும் உண்டு. அம்ஸ்ரர்டாம் விலங்குக்காட்சிச் சாலையில் ஆணுடன் சேராதிருந்த பர்மிய மலைப்பாம்பொன்றின் முட்டைகளிற் கரு வளர்ந்திருந்தது. அக்கருக்கள் மரபணுவிலே தாயை முற்றும் ஒத்திருந்தன என 2003இல் வெளியான ஆய்வு கூறிற்று.

இத்துணை அறிந்த பின்னர், வீட்டில் வளர்த்தல் ஏன் தகாது என வினவலாம். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் அதற்கு விடை பகரும். சிறு குட்டியாக வாங்கப்பட்டவை பெருத்துத் தாங்கலாகாதபோது கைவிடப்பட்டமையாலும், கூடுகளிலிருந்து தப்பியமையாலும், பர்மிய மலைப்பாம்பு அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்திற் பரவிற்று. அவை அங்கு நிலைபெற்றுவிட்டமை 2000ஆம் ஆண்டளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அவை மிகுந்த பகுதிகளிற் ரக்கூன் என்னும் விலங்கு காணப்படுதல் 99 சதவீதம் குறைந்தது என 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவ்வாண்டே அப்பாம்பின் இறக்குமதியும் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது.

எமது நாட்டில் நிலைமை வேறு. வெங்கிணாந்தி இந்நிலத்துக்கே உரிய உயிர். அதனைக் கூட்டிலடைத்தால் காடு ஒன்றை இழக்கின்றது. வீடு எதனையும் பெறுவதில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அதன் திருத்தங்களும் அதனைக் காக்கின்றன. கொல்லுதலேயன்றிப் பிடித்து வைத்திருத்தலும் குற்றமாம். அதனைக் கண்டு கற்க விழைவோர்க்குத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையும், சென்னை கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணையும் உள.

கோழியையும் ஆட்டுக்குட்டியையும் இழந்தவரின் மனக்குறையை யாம் மறுக்கவில்லை. ஏழை ஒருவர்க்கு ஓர் ஆட்டுக்குட்டி சிறு பொருளன்று. ஆயின் எலியையும் அகழானையும் உண்டு வெள்ளாமையைக் காப்பதும் அப்பாம்பே. கோழிக்கூட்டின் இடுக்குகளை நெருங்கிய கம்பிவலையால் அடைத்தலும், இரவில் ஆடுகளை உறுதியான பட்டியில் அடைத்தலும் செலவு குறைந்த காவல்களாம். பாம்பு வந்துவிட்டால் விலகி நின்று, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

வட்டையில் உழைப்போர் தமிழராயினும் முஸ்லிம்களாயினும், எலிக்குத் தோற்கும் விளைச்சல் இருவர்க்கும் ஒன்றே. எமது கல்லூரி மாணவர், கற்றதைத் தத்தம் வயல் வாடிக்கும் எடுத்துச் சென்று, ஓங்கிய பொல்லைத் தாழ்த்தச் செய்வாராயின், அதுவே விலங்கியற் பாடத்தின் நற்பயன் என்க.