மண்ணுக்கு முதலில் உணவு

முள்ளிக்குளம் மக்கள் 2007 செப்டெம்பரில் தம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 2012இல் அவர்கள் திரும்பி வந்தபோது ஊர் கடற்படை முகாமாகியிருந்தது. பலர் பக்கத்திலுள்ள மலங்காட்டில் பற்றை வெட்டிக் கொட்டில் போட்டனர். 2017இல் மக்கள் தொடர்ந்து போராடிய பின்னர், ஏப்ரல் மாதத்தில், 100 ஏக்கர் காணியை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. குளத்து நீரில் நெல் விளைவித்தவர்கள் இத்தனை ஆண்டுகளும் ஒரு சிறு வளவை நம்பிச் சீவிக்க வேண்டி வந்தது.

இப்படியான குடும்பங்களிடம் இயற்கைப் பசளையைப் பற்றிப் பேசினால் ஒரு கேள்வி எழும்: "நிரந்தரமில்லாத காணிக்கு ஏன் பசளை போடவேண்டும்?" இது நியாயமான கேள்வி. அதை மனதில் வைத்தே இப்பாடத்தைக் கற்போம்.

2021 தந்த பாடம்

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது. அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது.

இயற்கைப் பசளை பயனற்றது என்பதா இதன் பொருள்? அல்ல. கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே நைதரசன் இருக்கும். ஆகவே ஒரு மூடைக்கு ஈடாக 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் முதற் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். மிகுதி மண்ணிலே தங்கி, அடுத்தடுத்த போகங்களுக்கு உதவும். மண் ஆண்டுக்கணக்கில் வளர்வது. ஒரு கட்டளையால் அது மாறாது. எனவே வயலில் அல்ல, வளவில் தொடங்குவோம்.

குப்பைக் குழி

1. கிணற்றுக்குத் தூரத்தில், மர நிழலில் 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள்.
2. அரை அடிக்குச் சருகு, அதன்மேல் பச்சைக் குழை, அதன்மேல் கரைத்த சாணம் என்று மாறி மாறி அடுக்குங்கள்.
3. பனையோலையால் மூடுங்கள். கையால் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், நீர் வடியக்கூடாது.
4. மாதம் ஒருமுறை புரட்டுங்கள். மூன்று மாதமளவில் மண் மணம் வரும்.

நாமும் ஒருமுறை சருகை மட்டும் நிரப்பிவிட்டுக் காத்திருந்தோம். மூன்று மாதத்தின் பின்னும் சருகு சருகாகவே கிடந்தது. பச்சையும் சாணமும் இன்றி உக்கல் விரைவாக நடவாது என்பதை அப்போதுதான் கற்றோம்.

எமது பகுதியில் தை, மாசியே இதற்கு ஏற்ற காலம். மாரி மழையின் பின் குழையும் ஈரமும் கிடைக்கும். உக்கிய எருவை மூடி வைத்து, ஐப்பசி மழையோடு நிலத்தில் இடலாம். மாரியில் குழி நீர் நிறைந்துவிடும். அப்போது நிலத்தின்மேல் குவித்து மூடுங்கள்.

வேலியும் பழைய ஓலையும்

வேலிக்குச் சீமைக்கிளுவைத் தடிகளை நடுங்கள். வெட்ட வெட்டத் தழைக்கும். குழை மண்ணுக்கு நைதரசன் தரும். இடம் மாற நேர்ந்தால் தடிகளை வெட்டிக்கொண்டு போகலாம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பழைய பனையோலையையும் குழையையும் நிலத்தில் தாழ்ப்பது பழைய வழக்கம். நாமும் பழைய வேலியோலையை எரிக்காது தாழ்ப்போம்.

பயறு, கௌபி, உழுந்து ஆகியவற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை எடுத்துக்கொள்ளும். காய் பறித்தபின் செடியைப் பிடுங்காதீர்கள். அடியோடு அறுத்து, வேரை மண்ணில் விடுங்கள்.

விதை

திடமான செடிகளில் முதலில் முற்றும் காய்களை விதைக்கென ஒதுக்குங்கள். பல்லால் கடித்தால் நொறுங்கும்வரை காயவைத்து, அடுப்புச் சாம்பல் கலந்து, போத்தலில் இறுக மூடி வையுங்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். குப்பைக் குழி காணி உரிமைக்கு ஈடாகாது; உரிமையைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் 2007இல் பிறந்த பிள்ளை இன்று வளர்ந்த ஆள். துருசு திறப்பதையும் வரம்பு கட்டுவதையும் அவர் எங்கே பார்த்தார்? வயல் திரும்பக் கிடைக்கும் நாளில் கமம் செய்யத் தெரிந்தவர் வேண்டும். வளவிலே இடும் எரு அங்கேயே தங்கிவிடலாம். விதையும் கைப்பழக்கமும் எம்மோடு வரும்.

கலந்துரையாட

1. எமது வளவில் வீணே எரிக்கப்படுபவை எவை?
2. முன்பு விதைத்த எந்த விதைகள் இன்று எம்மிடம் இல்லை? யாரிடம் பெறலாம்?
3. ஊரின் குளம், வாய்க்கால், வயல்களின் பெயர்களை முதியோரிடம் கேட்டுப் பிள்ளைகள் ஒரு படம் வரைவார்களா?