மாடு இருமுதா? முதலில் எண்ணிப் பாருங்கள்



நம்மில் பலர் கடன் வாங்கித்தான் கறவை மாடு பிடித்திருக்கிறோம். தவணை கட்டுவதும் பிள்ளைகள் படிப்பும் அந்தப் பாலில்தான் ஓடுது. அதனால் இந்த மாதப் பாடம் மாட்டு இருமல் பற்றியது.

மாடு இருமினால் "தூசி போயிருக்கும், தானா சரியாயிடும்"னு விடுகிறோம். இல்லையென்றால் உடனே நாக்கை இழுத்துப் பிடித்து மூங்கில் குழாயில் கஷாயம் ஊற்றுகிறோம். இரண்டும் தப்பு. இருமுகிற மாட்டுக்கு ஊற்றும் மருந்து மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலுக்குப் போய்விடும். அதனாலேயே சளிக்காய்ச்சல் வந்து நல்ல மாடும் செத்துப்போகும்.

முதலில் மூன்றை எண்ணுவோம்.

1. எத்தனை மாடு இருமுது?
தீனி தின்னும்போது மட்டும் எல்லா மாடும் இருமினால் கொட்டகையைப் பாருங்கள். பூஞ்சை பிடித்த வைக்கோல், தவிட்டுத் தூசி, கொசுவுக்குப் போடும் புகைமூட்டம், கண் எரியும் மூத்திர வாடை, இவையெல்லாம் இருமல் வரவைக்கும். இவற்றைச் சரிசெய்தும் இருமினாலோ, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவினாலோ அது தொற்று. ஈரமான மேய்ச்சல் நிலத்தில் மேயும் கன்றுகள் இருமி, இளைத்துப் போனால் நுரையீரல் புழுவாக இருக்கலாம்.

2. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு?
மாடு நிழலில் அமைதியாக இருக்கும்போது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பெரிய மாட்டுக்கு 30 வரை இருக்கலாம். 40-ஐத் தாண்டினால், கழுத்தை நீட்டி வாயால் மூச்சு வாங்கினால், காத்திருக்கக் கூடாது.

3. காய்ச்சல் எவ்வளவு?
காலை வேளையில் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். 103-க்கு மேல் போனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குழுவுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்தால் எல்லோருக்கும் உதவும். மாட்டுக்கென்றே தனியாக இருக்கட்டும்.

உடனே செய்ய வேண்டியவை

* இருமுகிற மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். அதற்குத் தனித் தண்ணீர்த் தொட்டி வையுங்கள். பால் கறப்பது, தீனி போடுவது எல்லாம் நல்ல மாடுகளுக்கு முடித்துவிட்டு, கடைசியாக இந்த மாட்டிடம் போங்கள்.
* கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாட்டை நடத்திக் கூட்டிப்போக முடியாவிட்டால் 1962-க்குப் போன் செய்யலாம்.
* ஊசி போட்டால் எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று கேட்டு எழுதி வையுங்கள்.
* காப்பீடு செய்த மாடு என்றால் காதுவில்லை பத்திரம். நோய் கண்டதும் மருத்துவரிடம் காட்டிய சீட்டு கையில் இருக்கட்டும்.

இரண்டு ஆபத்தான நோய்கள்

தொண்டை அடைப்பான்: கடும் காய்ச்சல், எச்சில் ஒழுகுதல், தொண்டை வீக்கம், குறட்டை போல மூச்சு. ஒரே நாளில்கூட மாடு செத்துவிடும். இது மழைக்காலத்தில் அதிகம் வரும். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும்.

காசநோய்: மாதக்கணக்கில் விடாத இருமல், தீனி தின்றும் இளைப்பு. இது மனிதருக்கும் தொற்றும். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாருக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, கொடுக்காதீங்க.

சந்தையில் புதுசாகப் பிடித்த மாட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். லாரியில் நின்று களைத்து வந்த மாட்டுக்கு நோய் சீக்கிரம் வரும். அது வீட்டு மாடுகளுக்கும் பரவும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம்ம ஊரில் எத்தனை மாட்டுக்குத் தடுப்பூசி பாக்கி இருக்கு?
2. தெர்மாமீட்டர் யார் வீட்டில் வைப்பது?
3. மூங்கில் குழாயில் மருந்து புகட்டும் பழக்கம் யார் வீட்டில் இன்னும் இருக்கு? அவங்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

பேசி முடிவானதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். மாடு நல்லா இருந்தால்தான் தவணையும் தவறாது.