பாறுகளைக் காத்த அறிஞர்கள்

உயிர்களைப் பற்றி ஆராயும் அறிவியல் உயிரியல் எனப்படும். தாவரங்களை ஆராய்பவர் தாவரவியல் அறிஞர். விலங்குகளை ஆராய்பவர் விலங்கியல் அறிஞர். உயிரியலுள் இன்னும் பல துறைகள் உள்ளன. அழியும் நிலையில் இருந்த ஒரு பறவையினத்திற்காக அவற்றுள் சில துறையினர் ஆற்றிய பணியை இப்பாடம் கூறுகிறது.

இறந்த விலங்குகளின் உடலைத் தின்று வாழும் பெரிய பறவை பாறு. இதனைப் பிணந்தின்னிக் கழுகு என்றும் கூறுவர். இராஜஸ்தான் மாநிலம் பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா உள்ளது. 1980களில் அங்குப் பாறுகள் மிகுதியாகக் கூடு கட்டின. பறவைகளை ஆராய்பவர் பறவையியல் அறிஞர். அத்துறையைச் சார்ந்த விபு பிரகாஷ் அக்கூடுகளை எண்ணிக் குறித்து வைத்தார். 1990களின் பிற்பகுதியில் அவர் மீண்டும் எண்ணியபோது பாறுகள் மிகவும் குறைந்திருந்தன. சில பறவைகள் கிளைகளில் தலை தொங்கியபடி அமர்ந்திருந்தன. பல இறந்து கிடந்தன. பழைய கணக்கு இருந்தமையால் இழப்பின் அளவு தெரிந்தது.

இறப்புக்குக் காரணம் யாது? தொற்றுநோயாக இருக்கலாம் என்று முதலில் பலர் கருதினர். நோய்களின் காரணத்தை ஆராய்பவர் நோயியல் அறிஞர். அவர்கள் இறந்த பாறுகளின் உடலை அறுத்துப் பார்த்தனர். உள்ளுறுப்புகளின்மீது யூரிக் அமிலம் வெண்மையாகப் படிந்திருந்தது. சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன என்பதை அது காட்டியது. ஆனால், அவற்றைச் செயலிழக்கச் செய்தது எது என்பது விளங்கவில்லை.

உடலில் நஞ்சு செய்யும் வேலையை ஆராய்வது நச்சியல். பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்த குழுவினர், அவற்றின் சிறுநீரகங்களில் டைக்ளோபினாக் என்னும் மருந்து இருப்பதைக் கண்டனர். அம்முடிவு 2004ஆம் ஆண்டு வெளியாயிற்று. அது மாடுகளின் வலியைப் போக்கத் தரப்பட்ட மருந்து. மருந்து பெற்ற மாடு சில நாள்களுக்குள் இறந்தால், அதன் இறைச்சியைத் தின்ற பாறும் இறந்தது. மாட்டின் வலியைத் தணித்த மருந்தே பறவைக்கு நஞ்சாயிற்று! 2006ஆம் ஆண்டு இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதைத் தடை செய்தது. மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்பதும் ஆய்வில் தெரிந்தது.

உயிர்களுக்கும் அவை வாழும் இடத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்பவர் சூழலியல் அறிஞர். பாறுகள் குறைந்தபின் இறந்த மாடுகளின் உடல்கள் வெளியிடங்களில் அழுகின. அவற்றைத் தின்று நாய்கள் பெருகின என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

அருகிவரும் உயிர்களைக் காக்க வழி காண்பவர் காப்புயிரியல் அறிஞர். அரியானா மாநிலம் பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துப் பெருக்கும் மையம் உள்ளது. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். ஆகவே, இப்பணிக்குப் பல ஆண்டுக்காலப் பொறுமை வேண்டும். தமிழ்நாட்டில் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழ்கின்றன.

அருஞ்சொற்பொருள்

அருகிவரும் – குறைந்துவரும்
மிகுதியாக – நிறைய
யாது – எது

பயிற்சி

1. பாறுகளின் எண்ணிக்கை குறைந்ததை விபு பிரகாஷ் எவ்வாறு அறிந்தார்?
2. மாட்டுக்குத் தரப்பட்ட மருந்து பாறுகளின் உடலுக்குள் சென்றது எப்படி?
3. இப்பாடத்தில் வரும் அறிஞர்களுள் நீ யாராக விரும்புகிறாய்? காரணத்துடன் ஐந்து வரிகள் எழுதுக.