களிமண்ணும் சாலையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நெல்லுக்கு உகந்த மண் சாலைக்கு ஆகாது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண் பயிருக்கு வரம், பாரவண்டிக்குச் சாபம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாக ஆறு பிரியும் நீடாமங்கலத்தைச் சுற்றி இந்த வண்டல் களிமண்ணே நிறைந்துள்ளது. எவ்வளவு தோண்டினாலும் இங்கே கல் கிடைக்காது. சாலைக்கு வேண்டிய சல்லி, புதுக்கோட்டை போன்ற பாறைப் பகுதிகளிலிருந்து லாரியில் வரவேண்டும். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்துவிட்டால், கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிச் செல்லும் வழி என்ன பாடுபடும் என்பது யாவரும் அறிந்ததே.

அப்படியானால் காலடியில் கிடக்கும் மண்ணையே வலுப்படுத்திச் சாலைக்கு அடித்தளமாக்க முடியாதா? முடியும். இதற்கு மண்ணை நிலைப்படுத்துதல் என்று பெயர். 1935-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஜான்சன்வில் என்னும் ஊரருகே மண்ணும் சிமென்டும் கலந்து சாலை அமைத்தனர். களிமண் மிகுந்த இடத்துக்குச் சுண்ணாம்பு ஏற்றது.

சுண்ணாம்பு செய்யும் வேலை

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. சோடியம் போன்ற அயனிகளும் நீரும் அங்கே ஒட்டிக்கொள்வதால் மண் உப்பிக் குழைகிறது. சுண்ணாம்பைச் சேர்த்தால் கால்சியம் அயனிகள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. மண்ணின் குழைவு குறைகிறது. பின்னர், காரத்தன்மை மிகுந்த அச்சூழலில் மண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, கால்சியத்துடன் கூடிச் சிமென்டு போன்ற பிணைப்பை உண்டாக்குகின்றன. இது மெதுவாக நடக்கும் வினை. நம் அரிசி ஆலைகளில் மிஞ்சும் உமியைப் பக்குவமாக எரித்தால் கிடைக்கும் சாம்பலில் சிலிக்கா மிகுதி. ஆகவே சுண்ணாம்போடு அதையும் துணைக்குச் சேர்க்கலாம்.

எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்பதை அறிய ஈட்ஸ், கிரிம் என்னும் இருவர் 1966-இல் ஓர் எளிய முறையைக் கண்டனர். சலித்த மண்ணை நீரில் கலந்து, வெவ்வேறு அளவு சுண்ணாம்பு சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குப்பின் பி.எச். அளக்க வேண்டும். 12.4-ஐ எட்டும் மிகக் குறைந்த அளவே தொடக்க அளவு. நம் போன்ற கல்லூரி ஆய்வகத்திலும் செய்யக்கூடிய சோதனை இது.

வலிமையை அளத்தல்

கலவையை உகந்த ஈரத்தில் அச்சிலிட்டு இறுக்கி, 5 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள உருளையாக்குவர். ஈரம் போகாமல் மூடிவைத்துப் பதப்படுத்துவர். பிறகு பக்கத்துணை எதுவுமின்றி மேலிருந்து அமுக்கி, உடையும் பாரத்தைப் பரப்பால் வகுப்பர். இதுவே அமுக்கவலிமை. இந்தியச் சாலைப் பேரவையின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறை, சாலையின் துணைத்தளத்துக்கான சிமென்டுக் கலவைக்கு 7 நாளில் 1.5 முதல் 3 மெகாபாஸ்கல் வரையும், அதன் மேலுள்ள தளத்துக்கு 4.5 முதல் 7 வரையும் கேட்கிறது. போக்குவரத்து குறைந்த சாலைக்குத் துணைத்தள அளவில் சலுகை உண்டு. ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர செ.மீ.க்குச் சுமார் 10.2 கிலோ.

ஊறிய பின் என்ன?

வெயிலில் காய்ந்த களிமண் கட்டியும் கல்போலத்தான் இருக்கும். குளத்தில் போட்டால்தான் அதன் குணம் தெரியும். ஆகவே நம் பகுதிக்கு முக்கியமானது இன்னொரு சோதனை. ஒரேமாதிரியான உருளைகளை இரு தொகுதிகளாகச் செய்து, இரண்டையும் 7 நாள் பதப்படுத்த வேண்டும். பின்பு ஒரு தொகுதியை மட்டும் 7 நாள் நீரில் மூழ்கவைத்து, 14-ஆம் நாளில் இரண்டையும் உடைக்க வேண்டும். ஊறியதன் வலிமை மற்றதில் 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் சேர்மானம் போதாது என்று பொருள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உருளையின் பரப்பு 19.6 சதுர செ.மீ. ஊறாதது 600 கிலோவிலும் ஊறியது 420 கிலோவிலும் உடைவதாகக் கொள்வோம். வலிமை முறையே 30.6, 21.4 கிலோ. ஊறிய உருளையின் 21.4 கிலோ சுமார் 2.1 மெகாபாஸ்கல். எண்ணை மட்டும் பார்த்தால் துணைத்தளத்துக்குப் போதும் என்றே தோன்றும். ஆனால் விகிதம் 70 விழுக்காடுதான். ஒரு வாரத் தண்ணீருக்கே பத்தில் மூன்று பங்கு வலிமையை இழந்த கலவை, வாய்க்கால் ஓரத்தில் எத்தனை மழைக்காலம் தாங்கும்?

இன்னும் ஓர் எச்சரிக்கை. வயல் மேல்மண்ணில் வேர், தாள் முதலியவை மக்கிக் கிடக்கும். அவை சிமென்டு இறுகுவதைக் கெடுக்கும். எனவே மேல்மண்ணை நீக்கி, சாலை போடும் இடத்து மண்ணையே சோதிக்க வேண்டும். வேறோர் ஊர் மண்ணின் அளவு இங்கே பொருந்தாது.

கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் செலவு மிச்சமாவது நல்லதே. ஆனால் அந்த மிச்சம் அடுத்த மழையிலேயே கரைந்துவிடக் கூடாது. ஊரில் புதுச்சாலை போடும்போது, "எவ்வளவு கனம்?" என்று கேட்பதோடு, "ஊறவைத்துச் சோதித்தாயிற்றா?" என்றும் கேட்போம். அறிவியல் கற்ற நாம் ஊருக்குச் செய்யக்கூடிய சிறு தொண்டு அது.